புல்லுக்கு அடித்த மருந்தும் நுரையீரல் தழும்பும்

"மருந்து அடிக்கப் போனேன்" என்று தோட்டத்துப் பாட்டிமார்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். அது நோய் தீர்க்கும் மருந்தல்ல, புல்லைக் கருக்கும் நஞ்சு. அவற்றுள் பெயர்போனது பாராகுவாட்.

2002-இல் மலேசியா அதற்குத் தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. முழுத்தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது.

பாராகுவாட் உடலுக்குள் அதிகம் போனால், நுரையீரல் அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். காற்றுப்பைகளின் உயிரணுக்கள் சிதையும். புண் ஆறும்போது கொலாஜன் என்ற நார்ப்புரதம் மிதமிஞ்சிப் படிந்து, நுரையீரல் விறைத்துப்போகும். இதற்கு முறிவு மருந்து இல்லை.

தழும்பு ஏன் அளவோடு நிற்பதில்லை? இங்கேதான் மைக்ரோ ஆர்என்ஏ வருகிறது. சுமார் 22 எழுத்துகளே கொண்ட இந்தத் துணுக்கு, மரபணுவின் செய்தியைத் தாங்கிய ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும். 1993-இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் தழும்பு நோயில் இரண்டு மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. கொலாஜனைக் கட்டுப்படுத்தும் மிர்-29 குறைகிறது. தழும்பைத் தூண்டும் மிர்-21 கூடுகிறது. பிரேக் தளர்ந்து, எண்ணெய் மிதிபட்ட காரைப் போன்ற நிலை இது.

அப்படியானால் மிர்-29ஐ மருந்தாகக் கொடுத்துவிடலாமே? அவ்வளவு எளிதல்ல. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்று கெடலாம். இப்போது கையில் உள்ள பிர்ஃபெனிடோன், நிண்டெடானிப் ஆகிய மருந்துகளும் இந்நோயின் வேகத்தைக் குறைக்குமே தவிர, விழுந்த தழும்பை அழிக்காது.

ஆகவே, தடுப்பதே முதல் சிகிச்சை. பாராகுவாட்டைத் தடை செய்ய மைக்ரோ ஆர்என்ஏ பற்றித் தெரிந்திருக்கத் தேவையில்லை. அது நுரையீரலைக் கெடுக்கும் என்பது 2002-க்கு வெகு முன்பே மருத்துவர்களுக்குத் தெரியும். தாமதித்தது அறிவியல் அல்ல, முடிவு. அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் பம்பை முதுகில் சுமந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்தாம். அவர்களில் பலர் பெண்கள்.

பாட்டிக்கு இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது. "வயசாயிடுச்சு" என்கிறார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, எத்தனை வருடம் மருந்து அடித்தார் என்பதையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.