முடிவுள்ள விளையாட்டை முதலில் கொடுங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வியும் வந்துவிடும். "பிள்ளைகள் கேம்ஸ் வேண்டும் என்கிறார்கள். போட்டுக் கொடுக்கலாமா?" இப்படிக் கேட்பவர்களில் சிலர் 'கூடவே கூடாது' என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். வேறு சிலர் வீட்டில், அவர்கள் கேட்பதற்கு முன்பே பையன் ஏதோ ஒன்றை டவுன்லோட் செய்து விளையாடிக் கொண்டிருப்பான். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். கேம்ஸ் தாராளமாக இருக்கட்டும். ஆனால் முதல் நான்கைந்து கேம்ஸ் எவை என்பதை நீங்கள் தேர்வு செய்யுங்கள்.

காபி குடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் வீட்டில் பழகிய காபியை வைத்துத்தான் மற்ற காபிகளை எடை போடுவார்கள். கேம்ஸும் அப்படியே. முதலில் விளையாடியவைதான் 'நல்ல புரோகிராம் என்றால் எப்படி இருக்க வேண்டும்' என்ற ருசியை மனதில் பதிய வைக்கின்றன. 1990களில் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பேசிக் மொழியில் பாதி மறந்துவிட்டது. அங்கே விளையாடிய கேம்ஸ் மறக்கவில்லை. இன்றைக்கும் எந்த சாப்ட்வேரைப் பார்த்தாலும் நான் எடுத்து நீட்டும் அளவுகோல் அவை தந்ததுதான். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒரு மணி நேர இளவரசன்

முதலாவது 'பிரின்ஸ் ஆப் பெர்சியா'. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1989ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதியது. அடுத்த ஆண்டே டாஸ் பதிப்பு வந்தது. நம் ஊர் லேப்களில் பிளாப்பி பிளாப்பியாகப் பரவியது இந்த டாஸ் பதிப்புதான்.

கதை எளிமையானது. கொடிய மந்திரி இளவரசியைச் சிறை வைத்துவிட்டான். கதாநாயகன் பாதாளச் சிறையிலிருந்து கோபுரம் வரை ஏறி வந்து அவளை மீட்க வேண்டும். கொடுக்கப்பட்ட நேரம் 60 நிமிடங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். செத்தால் அந்த லெவலின் தொடக்கத்துக்குப் போய்விடுவீர்கள். ஆனால் கடிகாரம் பின்னால் போகாது. உயிருக்குக் கணக்கில்லை, நேரத்துக்குக் கணக்கு உண்டு என்ற இந்த ஒரு விதியே கேம் முழுவதையும் தாங்கி நிற்கிறது.

விரைவாகப் போக வேண்டும். ஆனால் ஓடினால் குழியில் முள் காத்திருக்கும். ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு அம்புக்குறி கீயைத் தட்டினால் இளவரசன் ஒவ்வொரு அடியாக எச்சரிக்கையுடன் வைப்பான். எங்கே ஓடுவது, எங்கே அடி அடியாக நடப்பது என்று தெரிந்தவர்தான் 60 நிமிடத்தில் முடிக்க முடியும். மூன்றாவது லெவலில் ஓர் எலும்புக்கூடு வரும். அதை வாளால் கொல்ல முடியாது. பின்னால் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழ வைக்க வேண்டும். பன்னிரண்டாவது லெவலில் இளவரசனின் நிழலே வாளோடு எதிரே நிற்கும். அதை வெட்டினால் உங்களுக்குத்தான் அடி. வாளை உறையில் போட்டுவிட்டு அதனுடன் ஒன்றாகிவிட வேண்டும். 'எதிரில் நிற்பவரை எல்லாம் வெட்டு' என்பதற்கு மேல் ஒரு கேம் சிந்திக்க முடியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த காட்சி அது.

இந்த நிழல் பிறந்த கதை இன்னும் சுவையானது. ஆப்பிள் 2ன் மெமரியில் புதிதாக ஓர் எதிரியின் படங்களை வைக்க இடம் இல்லை. எனவே மெக்னர் இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றிக் காட்டி நிழலை உருவாக்கினார். இளவரசன் ஓடுவதும் தாவுவதும் அவ்வளவு இயல்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, பிரேம் பிரேமாகப் பார்த்து வரைந்தார். வாள் சண்டைக்கு 1938ல் வந்த ராபின் ஹூட் திரைப்படக் காட்சி உதவியது.

'பிரின்ஸ் மெகாஹிட்' என்று டைப் செய்து கேமைத் தொடங்கினால் லெவல்களைத் தாண்டிப் போகலாம் என்ற ரகசியம் துண்டுச் சீட்டில் எங்கள் லேபுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அப்படிக் கடைசி லெவலைப் பார்த்தவனை யாரும் 'முடித்தவன்' என்று ஏற்றுக் கொண்டதில்லை. மதிப்பு முடிவைப் பார்ப்பதில் இல்லை, அங்கே நடந்து போனதில்தான் என்பதைப் பதிமூன்று வயதுப் பையன்கள் தாங்களாகவே புரிந்து வைத்திருந்தோம்.

அடைப்புக்குறியில் பிறந்த டெட்ரிஸ்

இரண்டாவது டெட்ரிஸ். 1984ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 என்ற கம்ப்யூட்டரில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துகள் மட்டுமே காட்டும். எனவே அடைப்புக்குறிகளைச் சேர்த்து வைத்துக் கட்டங்களைக் காட்டினார். நான்கு கட்டங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள், ஒரு தொட்டி, 'வரிசை நிரம்பினால் மறையும்' என்ற ஒரே விதி. அவ்வளவுதான் கேம்.

எங்கள் லேபில் இருந்தவை ஒரே நிற மானிட்டர்கள். நிறத்தை நம்பிய கேம்ஸ் அதில் பரிதாபமாக இருக்கும். டெட்ரிஸுக்கு எந்தக் குறையும் இல்லை. கருத்து நன்றாக இருந்தால் அலங்காரம் இல்லாமலும் நிற்கும் என்ற ருசி எனக்கு அங்கேதான் வந்தது. இன்றும் நூறு மெனு உள்ள புரோகிராமையும், ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் சின்ன புரோகிராமையும் பக்கத்தில் வைத்தால் என் கை இரண்டாவதின் பக்கம்தான் போகும்.

ஏன் வெடித்தது?

மூன்றாவது மைன்ஸ்வீப்பர். 1992ல் விண்டோஸ் 3.1 உடன் சேர்ந்து வந்ததால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. கட்டங்களுக்கு அடியில் கண்ணிவெடிகள். ஒரு கட்டத்தைத் திறந்தால் அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி இருக்கிறது என்று எண் காட்டும். '1' என்ற எண்ணைச் சுற்றித் திறக்காத கட்டம் ஒன்றே ஒன்றுதான் மீதி என்றால், வெடி அங்கேதான். ரைட் கிளிக் செய்து கொடி நட்டுவிடலாம். இந்த ஒரு படியிலிருந்து அடுத்த படி, அதிலிருந்து அடுத்தது. மவுஸில் இடது, வலது பட்டன்களின் வித்தியாசம் என் விரலுக்குப் பழகியதும் இதில்தான்.

வெடித்தவுடன் எல்லா வெடிகளையும் திறந்து காட்டிவிடும். எங்கே நம் கணக்கு பிசகியது என்று பார்த்துக் கொள்ளலாம். ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. சில ஆட்டங்களில் கடைசி இரண்டு கட்டங்களில் எது என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. பூவா தலையா போட வேண்டியதுதான். அப்படித் தோற்கும்போது வரும் எரிச்சலில்தான் எனக்கு இன்னொரு ருசி பிறந்தது. தோற்றால் காரணம் தெரிய வேண்டும். இன்று ஒரு சாப்ட்வேர் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று மட்டும் செய்தி காட்டி நின்றுவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவதற்கு மைன்ஸ்வீப்பர்தான் பொறுப்பு!

இன்று என்ன மாறிவிட்டது?

இப்போது சாலிடேரை எடுத்துக் கொள்வோம். 1990ல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சீட்டுக்கட்டு விளையாட்டு. பயிற்சிக்காக மைக்ரோசாப்டில் சேர்ந்திருந்த வெஸ் செர்ரி எழுதியது. மவுஸைப் பிடித்து இழுத்துப் போடுவதை எத்தனையோ பேர் இதில்தான் பழகினார்கள். 2012ல் வந்த விண்டோஸ் 8ல் இது இல்லை. 2015ல் விண்டோஸ் 10 உடன் திரும்பி வந்தபோது கூடவே விளம்பரங்களும் வந்தன. விளம்பரம் வேண்டாம் என்றால் சந்தா கட்ட வேண்டும். தினம் ஒரு சவால், தினம் வந்தால் பரிசு. சீட்டு அதே 52தான். கேமுக்கும் நமக்கும் உள்ள உறவுதான் மாறிவிட்டது.

'இலவசம்' என்று வரும் பல கேம்ஸில் இந்த மாற்றம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். விளையாடிக் கொண்டிருக்கும்போதே சக்தி தீர்ந்துவிடும். காத்திரு அல்லது காசு கொடு. ரத்தினம், நாணயம் என்று எதையாவது வாங்கச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்கும். இந்தப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நல்ல விஷயம். ஆனால் அதன் குறி பந்தயப் பணம். பத்து வயதுப் பிள்ளையிடம் ரத்தினம் விற்கும் கேமை வீட்டில் உள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

'அந்தக் கால கேம்ஸ் மட்டும் அடிமையாக்கவில்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெட்ரிஸ் விளையாடிவிட்டுப் படுத்தால் கண்ணை மூடினாலும் கட்டங்கள் விழும். ஆனால் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. நான் இன்னும் ஒரு மணி நேரம் விளையாடினால் பஜித்னோவுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. நாளைக்கு வரவில்லை என்றால் டெட்ரிஸ் என்னைத் தேடாது. ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான். இன்றைய இலவச கேம்ஸில் பல, முடிவே இல்லாதபடி திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. முடிந்துவிட்டால் வியாபாரம் நின்றுவிடும் அல்லவா? இதில் வளரும் பிள்ளைக்கு 'ஒன்றைத் தொடங்கி முடித்தேன்' என்ற சந்தோஷமே அறிமுகமாகாமல் போய்விடலாம். என் கவலை எல்லாம் இதுதான்.

மூன்று கேள்விகள்

எனவே ஒரு கேமை நிறுவுவதற்கு முன் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இதற்கு முடிவு உண்டா? கதை முடிய வேண்டும் அல்லது ஒவ்வொரு ஆட்டமாவது முடிய வேண்டும்.

2. உள்ளே எதையாவது விற்கிறதா? ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் கேம், 'இலவசம்' என்று வரும் கேமைவிடப் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

3. தோற்றால் காரணம் புரிகிறதா? புரிந்தால் பிள்ளை அடுத்த முறை யோசிக்கும். புரியாவிட்டால் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

பழைய கேம்ஸ்தான் நல்லவை என்று நான் சொல்லவில்லை. 2014ல் வந்த 'மான்யுமென்ட் வேலி' அழகான புதிர் விளையாட்டு. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020ல் வெளியிட்ட 'ராஜி' நம் புராணங்களை வைத்துச் செய்தது. அதற்கும் முடிவு உண்டு. சண்டைக் காட்சிகள் இருப்பதால் அதைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கேமுடன் குறிப்பிட்டிருக்கும் வயது அளவை எப்போதும் பாருங்கள்.

எங்கே கிடைக்கும்?

64 பிட் விண்டோஸில் டாஸ் கேம்ஸ் நேரடியாக ஓடாது. 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச புரோகிராமை நிறுவி அதற்குள் ஓட்ட வேண்டும். பழைய கேம் என்பதாலேயே அது இலவசம் ஆகிவிடாது. உரிமை இன்னும் யாரிடமாவது இருக்கும். பழைய கேம்ஸை முறையாக விற்கும் ஜிஓஜி போன்ற தளங்கள் இருக்கின்றன. 'முழுப் பதிப்பு இலவசம்' என்று கூவும் முகம் தெரியாத தளங்கள் பக்கம் போகாதீர்கள். கேமுடன் வைரஸும் வரும்.

காசே செலவழிக்க விருப்பம் இல்லையா? சிறு குழந்தைகளுக்கு 'ஜிகாம்ப்ரி' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. மவுஸ் பழகுவதிலிருந்து கணக்கு வரை விளையாட்டாகவே சொல்லித் தரும். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு சைமன் டாதம் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் எழுதி இலவசமாகக் கொடுக்கும் புதிர்த் தொகுப்பு. இரண்டிலும் விளம்பரம் இல்லை, விற்பனை இல்லை. டாதம் தொகுப்பில் 'மைன்ஸ்' என்ற பெயரில் கண்ணிவெடி ஆட்டமும் உண்டு. ஊகத்துக்கே இடமில்லாமல், யோசித்தால் கண்டிப்பாக முடிக்கக் கூடிய ஆட்டங்களை மட்டுமே அது உருவாக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை நிறுவிப் பாருங்கள். 9க்கு 9 கட்டம், பத்து வெடி. பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். வெடித்தால் திட்டாதீர்கள். "ஏன் வெடித்தது?" என்று மட்டும் கேளுங்கள்.