எந்தத் தெரு என்று கேட்காத கடை

ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் உத்திரமேரூர் வந்துசேர நள்ளிரவு தாண்டிவிடும். வழியெல்லாம் போனில் 'ஷின்யா ஷோகுடோ' படித்துக்கொண்டு வருவேன். நள்ளிரவு உணவகம் என்று அர்த்தம். 2006 முதல் வருகிற மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. வரைந்தவர் யாரோ அபே (ஆமாம், பெயரே யாரோதான்).

டோக்கியோ சந்து ஒன்றில் இரவு 12 முதல் காலை 7 வரை திறந்திருக்கும் சின்னக் கடை. பலகையில் இருப்பது பன்றிக்கறி சூப் சாப்பாடும் மது வகைகளும்தான். ஆனால் கையில் சாமான் இருந்தால் எதைக் கேட்டாலும் செய்து தருவார் கடைக்காரர். ரியூ என்ற ரவுடி வருவான். பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் வைப்பதுபோல ஆக்டோபஸ் வடிவில் வெட்டிய சிவப்பு சாசேஜ்தான் வேண்டும் அவனுக்கு. சிரிக்காமல் வறுத்து வைப்பார். கடைக்காரர் முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு; அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஜப்பானிய உபசரிப்பு என்றால் குனிந்து வணங்குவதையும் சூடான துண்டு நீட்டுவதையும் காட்டுவார்கள். இவர் குனிவதும் இல்லை, அதிகம் சிரிப்பதும் இல்லை. வந்தவனைத் துருவாமல் இருக்கிறார். எனக்கு உபசரிப்பு அதுதான்.

நம் பக்கத்தில் டீ கையில் வருவதற்குள் கேள்வி வந்துவிடும். "தம்பி எந்த ஊரு? அதுல எந்தத் தெரு?" நான் சொல்லும் தெருப் பெயரிலேயே என் சாதி இருக்கிறது. பலமுறை பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். துருவிக் கேட்பதில் எங்கள் ஊருக்குப் பழக்கம் அதிகம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலி நிலம் உண்டா, சொந்த மனையில் வீடு உண்டா, வயது 35க்கு மேலா, 70க்குள்ளா என்று கேட்கிறது. வாரியத்துக்கு ஆள் எடுக்கக் கேட்கட்டும். ஒரு டம்ளர் டீக்கு எதற்கு?

ஜப்பானும் யோக்கியமில்லை. ஒடுக்கப்பட்ட புராகு மக்கள் வாழும் ஊர்களின் பெயர்ப்பட்டியலைப் புத்தகமாக்கி விற்றதும், வேலைக்கு வருபவர்களைக் கழித்துக்கட்டப் பெரிய கம்பெனிகள் அதை வாங்கியதும் 1975இல் அம்பலமாயின. அங்கேயும் ஊர்ப் பெயர்தான் ஆயுதம். அதனால்தான் இந்த நள்ளிரவுக் கடையை வெறும் சாப்பாட்டுக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

பஸ் நிற்குமிடத்தில் தள்ளுவண்டி போட்டிருக்கும் அக்கா இரண்டு வருடமாக என்னிடம் கேட்டதெல்லாம் "காரம் தூக்கலாவா?" மட்டும்தான். போன மாதம் பக்கத்தில் நின்று சாப்பிட்டவர் ஆரம்பித்தார்: "தம்பி எந்தத் தெரு?" நான் வாய் திறப்பதற்குள் அக்கா அவர் தட்டில் தோசையைப் போட்டு, "ஆறிடும், சாப்பிடுங்க" என்றார். வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.