முதல் மூன்று நிமிடங்கள்



நீச்சல்குளத்தில் இருபது சுற்று சளைக்காமல் போய்வருகிறவர்கள்கூட, ஏரியிலோ கடலிலோ முதன்முறை இறங்கும்போது பத்துக் கை போடுவதற்குள் மூச்சிரைத்து, நெஞ்சு படபடத்துக் கரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இது சர்வசாதாரணமாக நடக்கிறது. ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. “காலைல சரியாச் சாப்பிடல”, “கண்ணாடிக்குள்ள தண்ணி போயிடுச்சு” என்று எதையாவது சொல்லிவிட்டு உடை மாற்றப் போய்விடுவார்கள். சிலர் அன்றோடு திறந்தவெளி நீச்சலையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலரோ, பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக நீந்துகிறார்கள். எனக்குக் கவலையெல்லாம் இவர்களைப் பற்றித்தான். கோடை பிறந்ததும் இங்கிலாந்து, கனடா ஏரிகளில் இறங்கும் வாசகர்களையும், கோவளம் பக்கம் கடல்நீச்சல் பழகும் வாசகர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் குளிர்ந்த நீர். தண்ணீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து, தோல் சட்டென்று குளிர்ந்தால், உடம்பு தானாகவே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். நம் விருப்பத்தை அது கேட்பதில்லை. அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்கக் கூடியவரால் அப்போது சில நொடிகள்கூட அடக்க முடியாமல் போகலாம். அளவுக்கு மீறி மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகள் சுருசுருவென்று ஆகும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார். முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொடும் இந்த அதிர்ச்சி, இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே தணிந்துவிடும். புதிதாக இறங்குகிற ஒவ்வொருவருக்கும் கரையிலேயே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

நம் ஊர்க் கடலில் அந்தக் குளிர் கிடையாது. இருந்தும் மூச்சு முட்டுகிறது. குளத்தில் அடித்தரை தெரியும், கோடு தெரியும், எட்டிப் பிடிக்க விளிம்பு இருக்கும். கடலில் முகத்தைக் கவிழ்த்தால் பச்சை இருட்டு. காலுக்கு நிலை கிடையாது. மூச்செடுக்கத் திரும்பும் பக்கமாகவே அலை வந்து அறைகிறது. பயத்தில் நாம் காற்றை நெஞ்சுக்குள் பிடித்துவைத்துக்கொள்கிறோம். தண்ணீருக்குள்ளேயே வெளிவிட்டிருக்க வேண்டிய மூச்சை, தலை வெளியே இருக்கும் அரை நொடியில் விடவும் வேண்டும், புதிதாக இழுக்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? காற்றே போதவில்லை என்று தோன்றும். உண்மையில் பழைய காற்று வெளியேறாமல் உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டிருக்கும். மூச்சு வேண்டும், மூச்சு வேண்டும் என்று மூளையை நச்சரிப்பது பெரும்பாலும் அந்த வாயுதான். கழுத்தையும் நெஞ்சையும் இறுக்கும் புது வெட்சூட் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது மிகவும் எளிது, அதனாலேயே பலர் செய்வதில்லை. குதிக்காதீர்கள். நடந்து இறங்குங்கள். நெஞ்சளவு நீரில் நின்று முகத்திலும் பிடரியிலும் தண்ணீரை அள்ளித் தெளியுங்கள். மூச்சை இழுப்பதில் கவனம் வேண்டாம், விடுவதில் வையுங்கள். வாயைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டு நீளமாக ஊதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகு நீந்தத் தொடங்குங்கள், முதலில் தலை மேலே இருக்கும் தவளை நீச்சலில். நடுவில் பதற்றம் வந்தால் அப்படியே மல்லாந்துவிடுங்கள். 1824 முதல் இயங்கிவரும் ஆர்.என்.எல்.ஐ. என்ற பிரிட்டிஷ் கடல் மீட்பு அமைப்பு இதைத்தான் ஊரெங்கும் சொல்லிவருகிறது: தலையைப் பின்னால் சாய்த்து, காது இரண்டும் நீரில் அமிழ, கைகால்களை விரித்து மெல்ல அசைத்துக்கொண்டு மிதக்க வேண்டும்; மூச்சு வசத்துக்கு வந்த பிறகே உதவிக்குக் கூப்பிடுவதும் நீந்துவதும்.

லூயிஸ் பியூவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2007இல் வட துருவத்தில், உறைநிலைக்கும் கீழான கடல்நீரில் ஒரு கிலோமீட்டர் நீந்தியவர் அவர். குளிர் அவருக்குப் புதிதில்லை. 2010 மே மாதம் எவரெஸ்ட் அடிவாரத்தில், 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பனியாறு உருகித் தேங்கிய ஏரியில் ஒரு கிலோமீட்டர் நீந்தப் போனார். நீரின் வெப்பநிலை 2 டிகிரி. முதலில் ஒரு சோதனை நீச்சல். எப்போதும்போல எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஃப்ரீஸ்டைலில் பாய்ந்தார். அந்த உயரத்தில் காற்றே மெலிந்திருக்கிறது. சிறிது தூரத்திலேயே மூச்சுத் திணறி, தண்ணீரைக் குடித்து, மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டார். உடன் வந்தவர்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: வேகத்தை விடு, தவளை நீச்சலில் மெதுவாகப் போ. துருவத்தை வென்ற மனிதர் அதைக் கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்து மறுபடி இறங்கி, 22 நிமிடம் 51 நொடியில் அக்கரை சேர்ந்தார். இதை அவரே மேடையேறி உலகத்துக்குச் சொன்னார் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

உடம்பு பழகிக்கொள்ளும் வேகமும் வியப்பானது. கழுத்தளவு குளிர்நீரில் இரண்டு மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை இருந்தாலே குளிர் அதிர்ச்சி ஏறக்குறையப் பாதியாகிவிடும், அந்தப் பழக்கம் பல மாதங்கள் தங்கும் என்று டிப்டனும் அவர் சகாக்களும் கண்டிருக்கிறார்கள். ஆங்கிலக் கால்வாயைக் கடக்க விரும்புகிறவர்கள் முன்னதாக 16 டிகிரிக்கு மேற்படாத நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும் என்ற விதி இருப்பதும் இந்தப் பழக்கத்தின் அருமை தெரிந்துதான்.

நம்மில் பலர் நீச்சல் பழகியது கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, படியில் உட்காரவைத்து, கால் நனைத்து, முதுகில் தண்ணீர் வாரி இறைத்து, பிறகு மெல்ல உள்ளே அழைத்துப்போன தாத்தாக்களும் சித்தப்பாக்களும் எந்த ஆய்வையும் படிக்காமலே சரியாகச் செய்தார்கள். “தூக்கிக் கிணத்துல போடு, தானா வந்துரும்” என்ற வைத்தியமும் கூடவே இருந்தது. அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படித் தூக்கிப்போடப்பட்டவர்களில் நீந்தக் கற்றவர்களும் உண்டு. ஐம்பது வயதிலும் கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்காதவர்களும் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்யாதீர்கள்.

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். தணிந்துபோகும் மூச்சிரைப்பைப் பற்றித்தான் இதுவரை சொன்னேன். தணியாமல் கூடிக்கொண்டே போனால், இருமல் வந்தால், சளி நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால், அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அறிகுறியாக இருக்கலாம். உடனே கரையேறி மருத்துவரிடம் போக வேண்டும். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் குளிர்நீரில் இறங்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். யாரும் தனியாகப் போக வேண்டாம்; இடுப்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு மிதவையைக் கட்டிக்கொள்ளுங்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகுங்கள். சென்னை மெரினாவில் குளிக்கத் தடை இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, மீறாதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏரியிலோ கடலிலோ முதன்முறை நீந்தப் போய், மூச்சு முட்டித் திரும்பியவர்கள் அந்த அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். எந்த நீர், எவ்வளவு குளிர், என்ன நினைத்தீர்கள், எது கைகொடுத்தது என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம். மறுபடி இறங்காதவர்களும் எழுதுங்கள். அந்தக் கடிதங்கள் எனக்கு இன்னும் முக்கியம்.

அன்புடன்,
ஆசிரியர்