கீறல் வேறு, பழுது வேறு

அரசாங்க அலுவலகத்தில் ஒரு மர நாற்காலியைக் கண்டம் பண்ணுவது லேசான காரியமல்ல. எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை, இப்போது என்ன நிலை என்று ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அதிகாரி வந்து ஆட்டிப் பார்ப்பார், உட்கார்ந்தும் பார்ப்பார். "வார்னிஷ் போய்விட்டது" என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும், ஓரத்தில் "வார்னிஷ் அடிக்கவும்" என்ற குறிப்போடு. கால் உளுத்துப்போய்விட்டது என்று எழுதினால்தான் கையெழுத்து விழும். புதுச்சேரியில் முப்பத்து நான்கு வருஷம் இந்த மாதிரிக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அதனால், தேய்மானம் எது பழுது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் கண்டம் பண்ணும் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. இந்த முறை கோபம் ஒரு ஜோடி வெள்ளை பூட்ஸை முன்னிட்டு.

என் மருமகள் வீட்டார் 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள். மகனும் மருமகளும் பாரீசுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறார்கள். பேத்திக்கு வயது பதினொன்று. நாலு வருஷமாக ஐஸ் ஸ்கேட்டிங் கற்கிறாள். ஓடிப் பந்தயம் விடுவதல்ல, சுழன்று, குதித்து, இசைக்கு ஆடுகிற வகை. பிரெஞ்சுக்காரர்கள் 'பத்தினாழ் ஆர்த்திஸ்த்திக்' என்பார்கள். வருஷக் கடைசியில் அவர்கள் சங்கத்தில் ஒரு விழா நடத்துவார்கள். அதற்கு வரிசை பிரிக்கும் அம்மையார் ஒருவர் குழந்தையின் காலைப் பார்த்துவிட்டு, இந்தப் பூட்ஸோடு முன் வரிசையில் நிற்க முடியாது, புதிது வாங்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் பின்னால் நில் என்று சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் முன்னிலையில்.

பூட்ஸை கேமரா முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னேன். உள்பக்கம் முழுக்கக் கீறல். மூக்கில் வெள்ளைத் தோல் உரிந்து சாம்பல் நிறம் தெரிகிறது. ஓரத்தில் கறுப்புக் கோடுகள். அவ்வளவுதான்.

இந்தக் கீறல்கள் எப்படி வருகின்றன என்று அந்த அம்மையாருக்குத் தெரியாமல் இருக்காது. இந்தப் பூட்ஸின் அடியில் எஃகு பிளேடு திருகாணி போட்டு முடுக்கியிருக்கும். அதன் முன் முனையில் ரம்பப் பல் போல வெட்டுகள் உண்டு. வளைவில் ஒரு காலை மறு காலுக்கு மேல் தாண்டி வைக்கும்போது ஒரு பிளேடு அடுத்த பூட்ஸை உரசும். காற்றில் சுழலும்போது கணுக்கால்கள் இரண்டையும் பின்னிக்கொள்ள வேண்டும். அப்போது உள்பக்கத் தோலும் கயிறும் சீவப்படும். விழுந்தால் வெளிப்பக்கம் பனியில் தேயும். விழாமல் குதிக்கக் கற்றவர் உலகத்தில் கிடையாது. ஆகவே ஒரு பிள்ளையின் பூட்ஸ் பளிச்சென்று இருந்தால் ஒன்று அது நேற்று வாங்கியது, அல்லது அந்தப் பிள்ளை இன்னும் குதிக்க ஆரம்பிக்கவில்லை. தொலைக்காட்சியில் ஒலிம்பிக் காட்டும்போது, ஆடி முடித்து மதிப்பெண்ணுக்காக உட்கார்ந்திருப்பவர்களின் காலைக் கவனியுங்கள்.

உண்மையான பழுது எங்கே இருக்கும் தெரியுமா? கணுக்காலில். குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒரு பூட்ஸில் விழுகிறது. அதைத் தாங்குவதற்காகத்தான் அது மரக்கட்டை போல விறைப்பாகச் செய்யப்படுகிறது. நாளாக ஆக அந்த இடம் மடிந்து மடிந்து தளர்ந்துவிடும். கணுக்காலில் ஆழமான மடிப்பு விழுந்து, கையால் அழுத்தினாலே துணிப் பை போலச் சாய்ந்தால், அந்தப் பூட்ஸைக் கண்டம் பண்ணலாம், நானே கையெழுத்துப் போடுவேன். அடுத்தது அடித்தோல். திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அடித்தோல் ஊறிப்போனால் திருகாணி பிடிக்காமல் சுற்றும், பிளேடு ஆட ஆரம்பிக்கும். அது ஆபத்து. பிளேடின் விளிம்பில் துரு, கழன்றுபோன கொக்கி, உள்ளே நசுங்கிய மெத்தை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் கால் வளர்ந்து விரல் முட்டுவது, இவையெல்லாம் காரணங்கள்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மகனை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். கணுக்கால் விறைப்பாக இருக்கிறது. திருகாணி இறுக்கம். விரலுக்கு இடம் இருக்கிறது. ஒரே ஒரு குறை, குதிகால் அடியில் மெழுகுப் பூச்சு போயிருக்கிறது, ஈரம் இறங்க வாய்ப்புண்டு. நாலு வருஷமாக அதை யாரும் கவனிக்கவில்லை, அந்த அம்மையார் உட்பட. வெளியே தெரியாத இடமல்லவா!

இதுதான் எனக்கு ஆறவில்லை. கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கு விசாரணை, எலும்பை முறிக்கக்கூடிய பழுதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பளபளவென்று மேல்தோல் இருக்க, உள்ளே கணுக்கால் தொளதொளத்துப்போன பூட்ஸோடு ஒரு குழந்தை முன் வரிசையில் நின்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது.

சரி, இந்த வெள்ளையே எங்கிருந்து வந்தது? 1920-களில் நார்வே நாட்டுப் பெண் சோன்யா ஹெனி வெள்ளைப் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனித்தரையில் இறங்கினாள். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, பிறகு ஹாலிவுட்டுக்கும் போனவள். அதற்கு முன்னால் பெண்களும் பெரும்பாலும் கறுப்பு, பழுப்புப் பூட்ஸில்தான் ஆடினார்கள். ஒரு சின்னப் பெண் கொண்டுவந்த மோஸ்தர் நூறு வருஷத்தில் சாஸ்திரமாகிவிட்டது.

சாஸ்திரம் என்றால் எழுத்தில் இருக்க வேண்டுமே. போட்டிகளில் மதிப்பெண் போடும் முறையைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். முன்பு 6-க்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஒரு பிரெஞ்சு நடுவர் சம்பந்தப்பட்ட ஊழல் வெடித்து (என்ன செய்வது, நம் ஆட்கள்!) கனடா ஜோடிக்கு இரண்டாவது தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். அதன் பிறகு 2004-இல் முறையையே மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு குதிப்புக்கும் சுழற்சிக்கும் தனி விலை உண்டு. அதைச் செய்த தரத்துக்குக் கூட்டலோ கழித்தலோ 5 வரை. உடை கண்ணியமாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உடையிலிருந்து ஏதாவது துண்டு பனியில் விழுந்தால் 1 புள்ளி கழிக்கலாம். பூட்ஸில் கீறல் என்று ஒரு கழிவு நான் தேடிய வரை இல்லை. எங்கள் அலுவலகத்தில் சொல்வோம், ஹெட் ஆஃப் அக்கவுண்ட் இல்லாத செலவுக்கு பில் போட முடியாது என்று. உலகப் போட்டியிலேயே தலைப்பு இல்லாத ஒரு குற்றத்துக்கு, புறநகர்ச் சங்கம் ஒன்று பதினொரு வயதுக் குழந்தைக்கு அபராதம் போடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. பல பெண்கள் தோல் நிறக் காலுறையைப் பூட்ஸுக்கு மேலேயே இழுத்து மாட்டிக்கொள்கிறார்கள், கால் நீளமாகத் தெரியுமாம். அப்போது பூட்ஸே கண்ணில் படுவதில்லை. அதை யாரும் குறை சொல்வதில்லை.

நான் அழுக்கோடு நிற்கச் சொல்லவில்லை. இதை மருமகளுக்கும் சொன்னேன். "மாமா, எல்லா அம்மாக்களும் பார்க்கிறார்கள், குழந்தை அழுகிறாள்" என்றாள். அவள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கறுத்த முகத்தோடு அந்த ஊரில் வளர்ந்தவளுக்கு, நம்மைக் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்ற பயம் எப்போதும் உண்டு. ஆனால் சுத்தம் வேறு, புதுசு வேறு. நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் ஜூலை 14 அணிவகுப்புக்கு வெள்ளை கான்வாஸ் ஷூ கட்டாயம். பழைய ஷூவைத் துவைத்து, வெள்ளைப் பொடியைக் குழைத்துப் பூசி, மாடியில் காயவைத்துப் போட்டுக்கொண்டு போவோம். மழை தூறினால் பால் வடிவது போல வடியும். அப்படி வெள்ளையடித்த ஷூவுக்கு முன் வரிசையில் இடமில்லை என்று எந்த முசியேவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பனியிலும் அந்தப் பிரச்சினைதான். சாதாரண வெள்ளை பாலிஷ் ஈரம் பட்டால் கரைந்து அடுத்த பூட்ஸில் ஒட்டும். தண்ணீருக்கு அசையாத, ஸ்கேட்டிங் பூட்ஸுக்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சு ஒரு புட்டி போதும். முதலில் பூட்ஸை நன்றாகக் காயவிட வேண்டும், ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது, தோல் வெடித்துவிடும். ஈரத் துணியால் துடைத்தாலே பாதிக் கறை போய்விடும். கறுப்புக் கோட்டைப் பள்ளி ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம். பிளேடு சீவி எழும்பி நிற்கும் தோல் துணுக்கைப் பிய்க்காமல், சின்னக் கத்தரியால் நறுக்கியோ துளி பசை வைத்து ஒட்டியோ படியவைத்து, மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு. பிறகு பூச்சு. மெல்லியதாக ஒன்று, காய்ந்தபின் இன்னொன்று. ஒரேயடியாகக் கெட்டியாக அப்பினால் முதல் மடிப்பிலேயே செதிள் செதிளாக உதிரும், கீறலை விட அது அசிங்கம். சில புதிய பூட்ஸ்கள் தோலே அல்ல, செயற்கைப் பொருள். அவற்றுக்கு முதலில் உள்ளே தெரியாத ஒரு மூலையில் பூசிப் பார்க்க வேண்டும். விழாவன்று மட்டும் மறைக்க வேண்டுமானால் வெள்ளை டேப் இருக்கிறது, நீட்டி இழுத்து மாட்டும் துணி உறையும் இருக்கிறது. குதிகால் அடிக்கு மெழுகு, அதை மட்டும் இன்றைக்கே பூசு என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அத்தனையும் செய்து முடித்தாள். எனக்குப் படம் அனுப்பினாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இருபதடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் தெரியாது.

இதற்குப் பதிலாக மருமகள் கடையில் விசாரித்த புது ஜோடி 420 யூரோ. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். விறைத்த புதுப் பூட்ஸ் காலுக்குப் படிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குதிகாலில் கொப்புளம், கணுக்கால் மடங்காது, பழகிய குதிப்புகூடத் தவறும். விழாவுக்கு மூன்று வாரம் வைத்துக்கொண்டு புதிது வாங்கச் சொல்வது, முன் வரிசையில் நின்று விழு என்று சொல்வதற்குச் சமம். அதை ஸ்கேட்டிங் சங்கத்தில் இருப்பவர் சொல்கிறார்!

பிரெஞ்சில் 'பத்தேன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று இந்த ஸ்கேட். மற்றொன்று, தேய்ந்த செருப்புக்கு ஆயுள் கூட்டச் செருப்பு தைப்பவர் அடியில் ஒட்டும் அரை அட்டை. மொழிக்கே தெரிந்திருக்கிறது. பிரெஞ்சு அரசாங்கமும் 2023-இல் துணியும் செருப்பும் பழுதுபார்ப்பவர்களுக்கு, வேலையைப் பொறுத்து 6 யூரோவிலிருந்து 25 யூரோ வரை சலுகை கொடுக்கத் திட்டம் கொண்டுவந்தது. தூக்கி எறியாதே, சரிசெய் என்று அரசாங்கம் காசு கொடுத்துச் சொல்கிற நாட்டில், சரிசெய்து போட்டுக்கொண்டு வரும் குழந்தைக்குப் பின் வரிசை.

மருமகள் பெயரில் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சில், இரண்டே பத்தி. என் இலக்கணம் இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று மகன் சொன்னான். முதல் பத்தியில் பூட்ஸின் நிலை: கணுக்கால், அடித்தோல், திருகாணி, பிளேடு, அளவு, ஒவ்வொன்றாக. இரண்டாவதில் ஒரே கேள்வி: பூட்ஸின் மேல்தோல் நிறத்தை வைத்து வரிசை பிரிக்கலாம் என்று உங்கள் விதிமுறையில் எந்தப் பிரிவு சொல்கிறது, அதன் எண்ணைத் தெரிவிக்கவும்.

பத்து நாளாகிறது, பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் தயார். விழா அடுத்த சனிக்கிழமை என்பதால் அது நாளைக்கே போகிறது.