யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

அமெரிக்க டெலிவிஷனில் 1971 முதல் 1979 வரை ‘ஆல் இன் தி ஃபாமிலி’ என்ற ஹாஸ்யத் தொடர் நடந்தது. அதன் நாயகன் ஆர்ச்சி பங்கர், நியூயார்க்கில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் மேஸ்திரி. (மேஸ்திரி என்றால் யாரென்று நமது தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!) வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி கறுப்பரையும் யூதரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவான்.

நிறவெறியைக் கேலி செய்வதே தயாரிப்பாளர் நார்மன் லியரின் நோக்கம். அதை நாம் சந்தேகிக்கவில்லை. நடந்தது என்ன? துவேஷம் மிகுந்தவர்கள் ஆர்ச்சி பேசுவதே நியாயம் என்று ரசித்தார்கள் என 1974-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

கறுப்பருக்கு வீட்டுக் கடன் மறுத்தவை பாங்குகள். 1930-களில் அவர்களுடைய பேட்டைகளை வரைபடத்தில் சிவப்பு வர்ணமிட்டு ஒதுக்கியது சர்க்கார் ஸ்தாபனம். வெறிக்கு வேலி போட்ட இந்தக் கனவான்கள் இருக்க, மக்கள் சிரிப்பதற்கு அகப்பட்டவன் மேஸ்திரிதானா என்று கேட்கிறோம்.

எனினும் 1974-ல் வந்த வேலைநிறுத்தக் கதையை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆர்ச்சியின் சங்கம் வேலையை நிறுத்துகிறது. வீட்டில் காசில்லை. மனைவி ஈடித் வேலை தேடிப் புறப்படுகிறாள். வேலை கிடைத்த இடம், ஆர்ச்சி ஏசிய கறுப்பர் ஜெஃபர்சனின் சலவைக் கடை.