சாரி சொன்னால் துக்கம் கேட்டதாகுமா?

போன வாரம் இங்கே நம்ம தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி. வாட்சப் குழுவில் அரை மணி நேரத்தில் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். 'ஆர்ஐபி', 'சாரி ஃபார் யுவர் லாஸ்', 'ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்'. போன் பண்ணினவங்க எத்தனை பேர் என்று அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன். "மூணு பேருங்க" என்றார்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். 'லாஸ்' எனக்குத் தினசரி புழங்குகிற சொல். நஷ்டத்தை அடுத்த வருஷக் கணக்குக்குக் கொண்டுபோகலாம், லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். பெற்ற அப்பன் செத்ததை எந்த வருஷ லாபத்தில் கழிப்பதாம்?

'சாரி' கதை இன்னும் மோசம். நம்ம பிள்ளைகள் அதை அப்படியே தமிழாக்கி, "மன்னிச்சிடுங்க அங்கிள்" என்கிறார்கள். பாவம், அது என்ன தப்பு பண்ணியது?

ஆங்கிலத்தைத் திட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். 'கண்டோலன்ஸ்' என்பதற்கு லத்தீன் மூலத்தில் 'கூடச் சேர்ந்து வலிப்படுதல்' என்றே பொருள். அருமையான சொல். தட்டிவிட்டு நகர்வதற்கு அதை வைத்துக்கொண்டது நாம்தான்.

எங்கள் மூணாறு எஸ்டேட் பக்கம் யாரும் துக்கம் 'சொல்ல' மாட்டார்கள். "துஷ்டி கேக்கப் போறோம்" என்பார்கள். கேட்கத்தான் போவார்கள். "என்ன செஞ்சுச்சு? கடைசியா என்ன சாப்பிட்டாக?" வீட்டுக்காரர் பத்தாவது தடவையாக முதலிலிருந்து சொல்வார். சொல்லச் சொல்லத்தான் பாரம் இறங்கும். பக்கத்து மலையாளத்துச் சேச்சிக்குச் 'சங்கடம்' என்றால் துக்கம், நமக்கு அது தர்மசங்கடம். வார்த்தை வேறாக இருந்தால் என்ன, கட்டன்சாயாவோடு வந்து உட்காருவார். 'ஆர்ஐபி'யோ பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து நாலு லயங்களை மூடியது. வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆனது. எழுபது உயிர். நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பலருக்குக் கயத்தாறு பக்கம்தான் பூர்வீகம். மறுநாள் இரவு கரிப்பூரில் விமான விபத்து. விமானத்தில் செத்தவருக்குப் பத்து லட்சம், மண்ணில் செத்தவருக்கு ஐந்து லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. கொதித்தோம். நியாயம்தான். ஆனால் நம் பங்குக்கு நாம் என்ன கொடுத்தோம்? மூன்றெழுத்து.

நானும்தான். கொரோனா காலம், போக முடியாது, சரி. போன் இருந்ததே? சொந்தங்களைப் பறிகொடுத்த ஒரு பையனுக்கு 'ஹார்ட்ஃபெல்ட்' என்று தட்டிவிட்டுத் தூங்கப் போனேன். பிறகு லீவில் போனபோது அவனைப் பார்த்தேன். "உங்க மெசேஜ் வந்துச்சுண்ணே" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிற முகமும் எனக்கு இல்லை.

"என்ன பேசுறதுன்னே தெரியலை" என்பீர்கள். பேசவே வேண்டாம் சாமி. போனை எடுத்து, "எப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். எதிர்முனையில் அழுதால் அழட்டும், வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். துஷ்டி கேட்பது எப்படி என்று அதுகளுக்கு வேறு யார் சொல்லித் தரப்போகிறார்கள்?