தூண் வாங்கப் போன கதை

"அப்பா, ஹாலுக்குச் செட்டிநாட்டுத் தூண் ரெண்டு போட்டா நல்லா இருக்கும்" என்றான் மகன். சென்னையில் நண்பர் வீட்டில் பார்த்தானாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பர்மா தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், பீங்கான் சாடிகள் எல்லாம் கடை கடையாகக் குவிந்து கிடக்கின்றன. அழகுதான். ஆனால் ஒவ்வொரு தூணும் எங்கோ இடித்த ஒரு வீட்டுத் தூண் அல்லவா?

எனக்கு நம்ம விழிதியூர் வீடு நினைவுக்கு வந்தது. பனங்கை போட்ட நாட்டு ஓட்டுக் கூரை, வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் முற்றம். மழை பெய்தால் நாலு பக்கத் தாழ்வாரத்துத் தண்ணீரும் முற்றத்தில் விழும். அம்மா அண்டா வைத்துப் பிடிப்பாள். ஐப்பசி அடைமழையில் ஒழுகும், ஓடு மாற்ற ஆள் கிடைக்காது, அதுவும் உண்மைதான். நான்தான் இடித்தேன். மரத்தை விறகு விலைக்குக் கொடுத்தேன். இன்னும் உறுத்துகிறது.

தாழ்வாரத்தைத் தாங்கத்தான் தூண். கான்கிரீட் தளத்துக்குக் கீழே அது சும்மா நிற்கும். ஆத்தங்குடிக் கல் அப்படியல்ல. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையாலேயே செய்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை. காலுக்குக் குளிர்ச்சி. கொடுக்கும் காசும் இன்று உழைப்பவருக்குப் போகும். அதை வாங்கினோம். தூண் வேண்டாமென்றேன். மகனுக்கு வருத்தம்.

வாசலில் ஆறடித் திண்ணை ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறேன். கார் நிறுத்த இடம் போதாதாம். பேச்சு இன்னும் முடியவில்லை.